சக்கர நட்டுகளை அளவறிந்து இறுக்குவோம்

(டிராக்டர் வைத்திருக்கும் உழவர்களுக்கான பராமரிப்புப் பயிற்சியில் ஆற்றிய உரை)



டிராக்டர் பராமரிப்பு என்றதும் எஞ்சின் ஆயில், காற்று வடிகட்டி, டீசல் வடிகட்டி, பாட்டரி ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை எல்லாம் முக்கியமானவைதாம். ஆனால் எஞ்சின் பழுதுபட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். பாரம் ஏற்றிய டிரெய்லரை இழுத்துச் செல்லும்போது பின் சக்கரம் கழன்றால் வண்டி கவிழும். ஓட்டுநரின் உயிருக்கும், டிரெய்லரில் இருப்பவர்களின் உயிருக்கும், எதிரே வருபவர்களின் உயிருக்கும் ஆபத்து. ஆகவே இன்று சக்கர நட்டுகளைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன்.

லாரிச் சக்கரத்தைவிட டிராக்டர் சக்கரத்தை நாம் அடிக்கடி கழற்றி மாட்டுகிறோம். நெல் வயலில் சேற்றுழவு செய்யக் கேஜ் வீல் மாட்டுகிறோம். உழவு முடிந்ததும் அதைக் கழற்றி டயர் சக்கரத்தை மாட்டுகிறோம். பருத்தி, கடலை போன்ற வரிசைப் பயிர்களில் இடையுழவு செய்யச் சக்கர இடைவெளியைக் கூட்டிக் குறைக்கிறோம். இவை தவிர பஞ்சர், டயர் மாற்றம் என்று வேறு வேலைகளும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை பட்டறையில் நடப்பதில்லை. வீட்டு வாசலிலோ, களத்திலோ, வயல் வரப்பிலோதான் நடக்கின்றன. எனவே நட்டைச் சரியாக இறுக்கும் முறையை ஒவ்வொரு டிராக்டர் உரிமையாளரும் ஓட்டுநரும் அறிந்திருக்க வேண்டும்.

நட்டு செய்யும் வேலை

சக்கரத்தின் இரும்பு வட்டு, ஹப்பில் உள்ள ஸ்டட்டுகளின் மேல் தொங்கிக்கொண்டு வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதுவன்று. நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிகச் சிறிய அளவில் நீள்கிறது. நீண்ட ஸ்டட், இழுத்து விட்ட ஸ்பிரிங் போலத் திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் வட்டை ஹப்போடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. அழுத்திப் பிடித்த இரண்டு முகங்களுக்கும் இடையே உள்ள உராய்வே சக்கரத்தைத் தாங்குகிறது.

நட்டு போதிய அளவு இறுகாவிட்டால் இந்தப் பிடிப்பு குறைகிறது. வட்டு ஒவ்வொரு சுற்றிலும் மயிரிழை அளவு நகர்கிறது. நகர நகரத் துளைகள் தேய்ந்து நீள்வட்டமாகின்றன. ஸ்டட் இருபுறமும் வளைந்து வளைந்து களைத்து, ஒருநாள் முறிகிறது. ஒன்று முறிந்ததும் அதன் பாரம் பக்கத்தில் உள்ளவற்றின் மேல் விழுகிறது. பிறகு மற்றவை முறிய அதிக நேரம் ஆகாது.

அளவுக்கு மேல் இறுக்கினால் என்ன ஆகும்? ஸ்டட் தன் மீள்தன்மையை இழந்து நிரந்தரமாக நீண்டுவிடும், மரையும் கெடும். அப்போதும் பிடிப்பு குறைந்துவிடும். ஆகவே குறைவாக இறுக்கினாலும் மிகையாக இறுக்கினாலும் முடிவு ஒன்றே. "நன்றாக இறுக்கினேன்" என்பது போதாது. "இந்த அளவுக்கு இறுக்கினேன்" என்று சொல்லத் தெரிய வேண்டும்.

முறுக்கு விசை

நட்டின் இறுக்கத்தை முறுக்கு விசையால் அளக்கிறோம். கொடுக்கும் விசையை நெம்புகோலின் நீளத்தால் பெருக்கினால் கிடைப்பது முறுக்கு விசை. ஏற்றம் இறைத்த பெரியவர்களுக்கு இது புதிதன்று. ஏற்ற மரத்தின் மேல் நடப்பவர் நடுவில் உள்ள அச்சைவிட்டு எவ்வளவு தூரம் தள்ளிப் போகிறாரோ அவ்வளவுக்கு அவருடைய எடையின் பலன் கூடும். ஸ்பேனர் பிடியில் குழாயைச் செருகி நீளமாக்குவதும் அதே கணக்குத்தான்.

நட்டின் மையத்திலிருந்து 1 மீட்டர் தூரத்தில் 30 கிலோ விசை கொடுத்தால் 30 கிலோ மீட்டர் முறுக்கு விசை கிடைக்கும். இங்கே கிலோ மீட்டர் என்பது தூரத்தைக் குறிப்பதன்று. கிலோவையும் மீட்டரையும் பெருக்கிய அளவு. இப்போதைய கையேடுகளில் நியூட்டன் மீட்டர் என்ற அளவே பெரும்பாலும் இருக்கும். 1 கிலோ மீட்டர் என்பது ஏறத்தாழ 9.8 நியூட்டன் மீட்டர். பழைய வண்டிகளின் கையேட்டில் அடி-பவுண்டு என்று இருந்தால் 1 கிலோ மீட்டர் ஏறத்தாழ 7.2 அடி-பவுண்டு என்று கொள்ளவும்.

உங்கள் வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அந்த வண்டியின் கையேட்டில் மட்டுமே பார்க்க வேண்டும். முன் சக்கரத்துக்கு ஒரு அளவு, பின் சக்கரத்துக்கு ஒரு அளவு இருக்கும். பின் சக்கரத்தில் வட்டை ஹப்போடு இணைக்கும் நட்டுக்கு ஒரு அளவும், வட்டை ரிம்மோடு இணைக்கும் நட்டுக்கு வேறு அளவும் இருக்கலாம். பக்கத்து வீட்டு டிராக்டரின் அளவு உங்கள் டிராக்டருக்கு ஆகாது. கையேடு தொலைந்திருந்தால் விற்பனையாளரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, மட்கார்டின் உட்புறம் பெயின்டால் எழுதி வையுங்கள்.

கழற்றும்போது கவனிக்க வேண்டியவை

1. வண்டியைச் சமமான, கெட்டியான தரையில் நிறுத்தவும். கைப்பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிடவும். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவும்.

2. ஜாக்கியால் தூக்கும் முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போது எல்லா நட்டுகளையும் கால் சுற்றுத் தளர்த்திக்கொள்ளவும். ஜாக்கியின் மேல் வண்டி நிற்கும்போது நீண்ட குழாயால் நெம்பினால் வண்டி சரிந்துவிடும்.

3. துருப்பிடித்த நட்டு அசையாவிட்டால் மரையில் டீசலோ, துரு நீக்கும் எண்ணெயோ விட்டு ஓர் இரவு ஊறவிடவும். காற்று உள்ள டயர் மாட்டியிருக்கும்போது கேஸ் வைத்து நட்டையோ ரிம்மையோ சூடாக்கவே கூடாது. வெல்டிங்கும் செய்யக் கூடாது. உள்ளே வெப்பம் ஏறி டயர் குண்டு போல வெடிக்கும்.

4. தூக்கிய பின் ஆக்சிலின் அடியில் உறுதியான மரக்கட்டையோ ஸ்டாண்டோ வைக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது.

5. டயரில் நீர் நிரப்பியிருந்தால் அதன் எடை நூறு கிலோவுக்கு மேல் கூடியிருக்கும். ஒருவராகக் கழற்ற முற்பட வேண்டாம். சாய்ந்தால் பிடித்து நிறுத்த முடியாது.

மாட்டும் முன் சுத்தம்

நட்டைத் திருப்ப நாம் கொடுக்கும் முறுக்கு விசையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கப் பயன்படுகிறது. மற்ற ஒன்பது பங்கும் மரையிலும், நட்டு வட்டைத் தொடும் முகத்திலும் உராய்வாகப் போய்விடுகிறது. எனவே மரையில் துருவும் மண்ணும் இருந்தால், அளவு சரியாகக் காட்டினாலும் ஸ்டட்டில் இழுப்பு இருக்காது. நேர்மாறாக, மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவினால் உராய்வு குறைந்து, அதே அளவில் ஸ்டட் மிகையாக நீண்டுவிடும். கையேட்டில் எண்ணெய் தடவச் சொல்லியிருந்தாலொழிய மரை உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். ஊறவைத்த டீசலையும் துணியால் நன்றாகத் துடைத்துவிடவும்.

ஹப்பின் முகத்தையும் வட்டின் முகத்தையும் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துரு, சேறு, உரிந்த பெயின்ட் ஆகியவற்றை நீக்கவும். கேஜ் வீல் மாட்டும்போது இது மிக முக்கியம். இரு முகங்களுக்கும் இடையே சிக்கிய சேறு, நட்டை இறுக்கும்போது கெட்டியாகத்தான் தெரியும். காய்ந்து பொடியாகி உதிர்ந்ததும் அந்த இடம் காலியாகி நட்டு தளர்ந்துவிடும். கேஜ் வீலுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தவர்கள், வட்டும் ஹப்பும் சேரும் இடத்திலும் நட்டு உட்காரும் இடத்திலும் பெயின்ட்டைச் சுரண்டிவிட வேண்டும்.

ஒவ்வொரு நட்டையும் கையாலேயே கடைசிவரை திருகிப் பார்க்கவும். பாதியில் சிக்கினால் மரை கெட்டிருக்கிறது என்று பொருள். அந்த ஸ்டட்டையும் நட்டையும் மாற்றிவிடவும். நட்டின் ஒரு முகம் கூம்பு வடிவில் இருந்தால் அந்தக் கூம்பு, வட்டின் துளைக்குள் உட்காரும்படி மாட்ட வேண்டும். கூம்பு நட்டு இருக்க வேண்டிய இடத்தில் தட்டை நட்டும் வாஷரும் போட்டுச் சமாளிக்கக் கூடாது.

இறுக்கும் வரிசை

சக்கரம் தூக்கியிருக்கும்போதே எல்லா நட்டுகளையும் கையால் திருகி, பிறகு சாதாரண ஸ்பேனரால் லேசாக இறுக்கி, வட்டை நேராக உட்கார வைக்கவும். பின்னர் வண்டியைக் கீழே இறக்கி, சக்கரம் தரையில் ஊன்றியபின் அளவுக்கு இறுக்கவும்.

பக்கத்துப் பக்கத்து நட்டாக வரிசையாக இறுக்கினால் வட்டு ஒருபுறம் சாய்ந்து உட்காரும். எதிரெதிராக இறுக்க வேண்டும். நட்டுகளுக்குக் கடிகாரச் சுற்றில் எண் கொடுத்துக்கொண்டால், எட்டு நட்டுச் சக்கரத்தில் 1, 5, 3, 7, 2, 6, 4, 8 என்றும், ஆறு நட்டுச் சக்கரத்தில் 1, 4, 2, 5, 3, 6 என்றும், ஐந்து நட்டுச் சக்கரத்தில் 1, 3, 5, 2, 4 என்றும் இறுக்கவும். ஒரேயடியாக முழு அளவுக்குப் போக வேண்டாம். 30 கிலோ மீட்டர் வேண்டுமானால் முதல் சுற்றில் 10, இரண்டாம் சுற்றில் 20, மூன்றாம் சுற்றில் 30 என்று மூன்று தவணையாக இறுக்கவும்.

வீட்டில் அளவு பார்க்க மூன்று வழிகள்

முதல் வழி, டார்க் ரெஞ்ச் என்னும் முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர். இதுவே சிறந்தது. உங்கள் பின் சக்கர அளவுக்கு எட்டக்கூடியதாகப் பார்த்து வாங்க வேண்டும். கார், மோட்டார் சைக்கிள் வேலைக்கான சிறிய ரெஞ்ச் போதாது. ஒருவரே வாங்குவது செலவு என்று தோன்றினால் உழவர் குழுவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ ஒன்று வாங்கி எல்லாரும் பயன்படுத்தலாம். ஆனால் இதை நட்டைக் கழற்றப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் திருகிவைக்கும் வகை ரெஞ்சை அதன் மிகக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வைக்க வேண்டும்.

இரண்டாம் வழி, மூட்டை எடைபோடும் ஸ்பிரிங் தராசு. பருத்தி, புளி, மிளகாய் எடைபோடும் கொக்கித் தராசு பல வீடுகளில் இருக்கிறது. உறுதியான சாக்கெட், அதன் கைப்பிடி, அதில் செருகிய இரும்புக் குழாய் ஆகியவற்றை நெம்புகோலாகக் கொள்ளுங்கள். நட்டின் மையத்திலிருந்து அளந்து குழாயில் ஓர் இடத்தைக் குறித்து, அங்கே கயிறு கட்டித் தராசின் கொக்கியை மாட்டுங்கள். தராசின் மறுமுனையைப் பிடித்து, குழாய்க்குச் செங்குத்தாக இழுங்கள்.

கையேட்டில் 294 நியூட்டன் மீட்டர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை 9.8ஆல் வகுத்தால் 30 கிலோ மீட்டர். குறித்த இடம் மையத்திலிருந்து 1 மீட்டர் தூரத்தில் இருந்தால் தராசு 30 கிலோ காட்டும்வரை இழுக்க வேண்டும். 75 சென்டிமீட்டரானால் 40 கிலோ. 60 சென்டிமீட்டரானால் 50 கிலோ. குழாயைச் செங்குத்தாக மேல்நோக்கி வைத்துக் கிடைமட்டமாக இழுத்தால் குழாயின் சொந்த எடை கணக்கில் சேராது. இழுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக, ஒரே சீராக இழுக்கவும்.

மூன்றாம் வழி, நம் உடல் எடை. வேறு எதுவும் கிடைக்காத இடத்தில் மட்டும் இதைக் கையாளலாம். உங்கள் எடை 60 கிலோ என்றால், 30 கிலோ மீட்டருக்கு மையத்திலிருந்து 50 சென்டிமீட்டர் தூரத்தில் உங்கள் முழு எடையும் இறங்க வேண்டும். சக்கரத்தைப் பார்த்து நிற்கும்போது குழாய் உங்கள் வலப்புறமாகக் கிடைமட்டத்தில் இருக்க வேண்டும். அப்போது கீழே அழுத்தினால் வலச் சுற்று மரையுள்ள நட்டு இறுகும். குழாய் சாய்ந்திருந்தால் கணக்குத் தவறும். கிடைமட்டத்திலிருந்து 45 பாகை சாய்ந்தால் சுமார் 70 சதவீதமும், 60 பாகை சாய்ந்தால் பாதியும்தான் நட்டுக்குப் போகும். சாக்கெட் சாயாமல் அதன் அருகே ஒரு கட்டையை முட்டுக் கொடுக்கவும். மட்கார்டைக் கையால் பிடித்துக்கொண்டு, குறித்த இடத்தில் மெதுவாக எடையை இறக்கவும்.

குழாயின் நுனியில் ஏறிக் குதிக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். 60 கிலோ எடையுள்ளவர் 1.2 மீட்டர் தூரத்தில் சும்மா நின்றாலே 72 கிலோ மீட்டர் ஆகிறது. 30 வேண்டிய இடத்தில் 72 கொடுத்தால் ஸ்டட் என்ன ஆகும்? குதித்தால் விசை இன்னும் பல மடங்கு கூடும். குழாய் நழுவினால் கால் முறியும். காற்று அழுத்தத்தால் இயங்கும் துப்பாக்கியால் இறுக்கித் தரும் டயர் கடைகளிலும், கடைசி இறுக்கத்தை அளவு பார்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

மறுபடியும் இறுக்குதல்

இன்றைய பேச்சில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சரியான அளவுக்கு இறுக்கிய நட்டும் முதல் சில மணி நேர ஓட்டத்தில் சிறிது தளரக்கூடும். முகங்களில் உள்ள மேடு பள்ளங்களும், மிஞ்சிய பெயின்ட்டும் நசுங்கி அமர்வதே காரணம். ஆகவே சக்கரம் மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டிய பின் ஒரு முறையும், 10 மணி நேரம் ஓட்டிய பின் ஒரு முறையும், அதன் பிறகு 50 மணி நேரத்துக்கு ஒரு முறையும் அதே அளவுக்கு இறுக்கிப் பார்க்கவும். கையேட்டில் இதைவிடக் குறைந்த கால அளவு இருந்தால் அதன்படி செய்யவும். பாரம் ஏற்றிச் சாலையில் போவதாக இருந்தால் புறப்படும் முன் கட்டாயம் பார்க்கவும்.

மறுபடி இறுக்கும்போது நட்டைத் தளர்த்த வேண்டியதில்லை. குறித்த அளவுக்கு இழுத்துப் பாருங்கள். நட்டு அசையாவிட்டால் நல்லது. திரும்பினால் தளர்ந்திருந்தது என்று பொருள். ஒவ்வொரு முறையும் அதே நட்டு திரும்பினால் வெறுமனே இறுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். துளை தேய்ந்திருக்கும், அல்லது ஸ்டட் நீண்டிருக்கும். கழற்றிப் பார்த்து மாற்ற வேண்டும்.

அளவுக்கு இறுக்கியதும் நட்டின் மேலும் வட்டின் மேலும் சேர்த்து ஒரே கோடாகப் பெயின்ட் இழுத்துவிடுங்கள். நட்டு திரும்பினால் கோடு விலகிக் காட்டும். தினமும் காலையில் வண்டியை எடுக்கும் முன் ஒரு சுற்று வந்து பார்த்தால் போதும். நட்டைச் சுற்றித் துரு நிறத்தில் கசிவுக் கோடு, துளையோரம் பளபளப்பு, திருப்பும்போது கடக் கடக் என்ற ஓசை ஆகியவையும் எச்சரிக்கைகளே. ஒரு ஸ்டட் முறிந்திருந்தால் அதை மட்டுமன்றி அதன் இருபுறமும் உள்ளவற்றையும் மாற்றவும். அவையும் மிகைப் பாரம் தாங்கியவை. முறிந்த ஸ்டட்டை வெல்டிங் வைத்து ஒட்டக் கூடாது. துளை நீள்வட்டமான வட்டையும் ஒதுக்கிவிட வேண்டும்.

வாடகைக்கு ஓடும் டிராக்டர்களில் ஓட்டுநர் மாறிக்கொண்டே இருப்பார். ஒருவர் மாட்டுவார், மற்றொருவர் ஓட்டுவார். எனவே சக்கரம் மாட்டியபோது மணி மீட்டரில் இருந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அடுத்து எப்போது இறுக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இறுக்கக் கூடாத நட்டு

சக்கர நட்டு எல்லாம் பலமாக இறுக வேண்டும் என்று எண்ணிவிடக் கூடாது. இரு சக்கர இயக்க டிராக்டரின் முன் ஹப்பிலும், டிரெய்லரின் ஹப்பிலும், கிரீஸ் மூடியைக் கழற்றினால் நடுவில் ஒரு பெரிய நட்டு தெரியும். அதன் தலையில் கோட்டை மதில் போல வெட்டுகள் இருக்கும். காட்டர் பின் செருகியிருக்கும். இது சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் நட்டன்று. உள்ளே உள்ள இரண்டு கூம்பு உருளை பேரிங்குகளின் இடைவெளியைச் சரிசெய்யும் நட்டு. இதைக் குழாய் போட்டு இறுக்கினால் பேரிங் சூடேறி, கிரீஸ் உருகி, ஹப் இறுகிப் பிடித்துவிடும்.

சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிக்கொண்டே இந்த நட்டை மெதுவாக இறுக்கவும். சக்கரம் சற்று இறுகிச் சுற்றத் தொடங்கியதும் நிறுத்தி, கையேட்டில் சொன்னபடி சிறிது பின்னோக்கித் தளர்த்தி, வெட்டும் துளையும் நேராகும்படி செய்து, புதிய காட்டர் பின்னைச் செருகி மடிக்கவும். பழைய பின்னையோ ஆணியையோ கம்பியையோ செருகக் கூடாது. பின் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. சுற்றிவிட்டால் தடையின்றிச் சுற்ற வேண்டும். நான்கு சக்கர இயக்க டிராக்டரின் முன் ஆக்சில் வேறு அமைப்பு உடையது. அதன் உட்பகுதியைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

உழவர் பெருமக்களே! இன்று சொன்னவற்றுக்குப் பெரும் செலவு இல்லை. கம்பித் தூரிகை, ஒரு சாக்கெட், ஒரு மீட்டர் குழாய், வீட்டில் உள்ள ஸ்பிரிங் தராசு, கொஞ்சம் பெயின்ட் ஆகியவை போதும். எட்டு நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்க்கக் கால் மணி நேரம் ஆகலாம். நீங்கள் வீட்டுக்குப் போனதும் கையேட்டை எடுத்து, உங்கள் வண்டியின் பின் சக்கர நட்டுக்கு உரிய அளவைப் பார்த்து எழுதி வையுங்கள். நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் ஒவ்வொரு நட்டையும் அந்த அளவுக்கு இழுத்துப் பாருங்கள். எத்தனை நட்டுகள் திரும்பின என்பதை அடுத்த வகுப்பில் என்னிடம் சொல்லுங்கள்.